குதிரைக்குப் பதில் டயர்

எனக்குக் குதிரை வேண்டியிருந்தது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரையில் போகலாம் என்று பெரியப்பா வீட்டு அண்ணன் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அப்போது ஆறாவது படித்தேன். கோடை லீவுக்கு அவர்கள் காரிலும் நாங்கள் வேனிலுமாகச் சேர்ந்து போவதாக ஏற்பாடு. குதிரைக்கும் சேர்த்துத்தான் அம்மா பணம் எடுத்து வைத்திருந்தாள்.

எங்கள் வேன் முட்டை வண்டி. அப்பா திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடிப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் அதில்தான் முட்டை போடுவார். கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா வேனைச் சுற்றி வந்து, குனிந்து டயரைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, மொட்டையா இருக்கே. இதுலயா மலை ஏறப் போறோம்?"

"தெனமும் இதுலதான ஓட்டுறேன். ஒரு முட்டை ஒடைஞ்சிருக்கா?"

"முட்டைக்கு இது போதும். புள்ளைகளுக்குப் போதாது."

அப்பா இரண்டு நாள் அதே டயரில்தான் முட்டை கொண்டுபோனார். மூன்றாம் நாள், புதுக்கோட்டைக்குப் போன வேன் நான்கு புது டயரோடு திரும்பி வந்தது. பிரேக்கையும் பார்த்திருந்தார்கள். ஸ்டெப்னிக்குக் காற்றும் பிடித்தாயிற்று. அன்று சாப்பிடும்போது அம்மா என் பக்கம் திரும்பாமலே, "குதிரை அடுத்த வருசம்" என்றாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

கோபம் ஒருபக்கம் இருந்தாலும், குதிரையை விழுங்கிய அந்த டயரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. மேலெல்லாம் முடி முடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிய்த்தேன். இது என்ன செய்யும் என்று அப்பாவிடம் கேட்டேன். "ரோட்டைப் புடிச்சுக்கும்" என்றார் வேண்டாவெறுப்பாக. எதைக் கொண்டு பிடிக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. பொன்னமராவதியில் டீ குடிக்க நின்றபோதும், நத்தத்தில் நின்றபோதும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். அது எதையும் பிடிப்பதாகத் தெரியவில்லை.

பெரியப்பாவின் கார் பளபளவென்றிருந்தது. பயணத்துக்கென்றே புது சீட் கவர் போட்டு, பாட்டுப் பெட்டியும் மாற்றியிருந்தார். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கார் முன்னால் போக நாங்கள் பின்னால் போனோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் வெடி போட்டதுபோல் சத்தம். கார் அப்படியே வழுக்கிக்கொண்டு போய், ஓரத்துக் கட்டைச் சுவரில் மோதி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் மேகம்.

அப்பா பிரேக் அடித்து வேனை நிறுத்திவிட்டு ஓடினார். யாருக்கும் அடியில்லை. பெரியம்மாவுக்குத்தான் பேச்சு வரவில்லை. அம்மா அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல, இங்கிட்டு வாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பின்டயர் கிழிந்து நூல் நூலாகத் தொங்கியது. முன்பக்கம் நசுங்கிப்போயிருந்தது. அவர்களுடைய ஸ்டெப்னியிலும் காற்றில்லை.

காரைத் தூக்கிப் போக வத்தலக்குண்டிலிருந்து கிரேன் வண்டி வந்தது. பெரியப்பாவும் அண்ணனும் அதில் ஏறினார்கள்; பெரியம்மா எங்களோடு வேனுக்கு வந்தார். உயரமான முன்சீட்டில் உட்கார்ந்து அண்ணன் எனக்குக் கை காட்டினான். அவனோடு போகிறேன் என்று நான் நடுரோட்டில் நின்று அழுதேன். அம்மா முதுகில் ஒன்று வைத்து என்னை வேனில் ஏற்றினாள்.

கொடைக்கானலில் ஏரியைப் பார்த்தோம். குதிரைகளையும் பார்த்தோம். பெரியம்மா அறையை விட்டு வெளியே வரவே இல்லை. மறுநாள் மலை இறங்கி, ஒர்க்‌ஷாப் வாசலில் பெரியப்பாவையும் அண்ணனையும் ஏற்றிக்கொண்டோம். வண்டி சரியாக இன்னும் ஒரு வாரமாகுமாம். கொண்டுவந்த பணத்தையெல்லாம் அங்கேயே முன்பணமாகக் கட்டிவிட்டு வந்திருந்தார் பெரியப்பா. அண்ணனுக்குக் கவலையே இல்லை. கிரேன் ஆடிய ஆட்டம், வெல்டிங் பொறி, மூன்று வேளையும் தின்ற பரோட்டா என்று நத்தம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் இதையே எல்லோரிடமும் சொல்லப்போகிறான். எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: "ஏம்ப்பா, நம்ம வண்டிக்கு மட்டும் ஒண்ணுமே ஆகல?"

பெரியப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியம்மா என்னை இழுத்து, எலும்பு வலிக்கிற மாதிரி அணைத்துக்கொண்டார். எதற்கென்று புரியாமல் நான் நெளிந்தேன். அம்மா மட்டும் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ரோட்டைப் பார்த்தபடியே அப்பா அம்மாவிடம் சொன்னார்: "இனிமே எங்க கெளம்புனாலும், என்னென்ன செய்யணும்னு நீயே சொல்லிரு."

இவ்வளவு தூரம் ஓட்டிய களைப்பில் அப்பாவுக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது, எல்லா வேலையையும் அம்மா தலையில் கட்டப் பார்க்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.