சோலைமலை ஏன் வாத்தியாரானார்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த கங்காணி ஒருவர், பதுளைக் கடைத்தெருவில் வாப்பாவின் ஜவுளிக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, அண்ணன் முறை வைத்து என்னைக் கூப்பிட்டார். "நானா, நம்ம சோலைமலை வாத்தியார் போயிட்டாருங்க. காய்ச்சல். அடக்கம் பண்ணி அஞ்சு நாளாச்சு" என்றார். அந்த ஐந்து நாளும் நான் வகுப்பில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். ஒரு பிடி மண் போடக்கூட எனக்கு வாய்க்கவில்லை.

அவரை அறிந்தவர்கள் பதுளையில் பலர் இருக்கிறீர்கள். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். இருபது வயதில் இங்கே வந்து, ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே, சின்னஞ்சிறு பிள்ளைகளோடு காலை மடக்கி உட்கார்ந்து 'அ' எழுதக் கற்றவர். பிள்ளைகள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சில ஆண்டுகள் கழித்து நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஆசிரியர் வேலை கேட்டுப் போனோம். ஏன் வாத்தியாராக வேண்டும் என்று ஆள் எடுத்த துரை கேட்டார். அறிவுத் தொண்டு, சமூகத்துக்குக் கடமை என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். சோலைமலையோ, "மழையில நனையாத வேலைங்க" என்றார். அறையே சிரித்தது. எனக்கு ஊருக்குள்ளேயே இடம் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது, வேறு யாரும் போக விரும்பாத மடுல்சீமை.

போன வருஷம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ராக்காயி என்று பத்து வயதுப் பெண். அப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். அவளைக் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்துவிட்டார்கள். "என் தமிழ் தோட்டத்துத் துரை காதில் ஏறாது. நீங்கள் வந்து, அவள் வாசித்துப் பழக மூன்று மாதத் தவணை இங்கிலீஷில் கேளுங்கள்" என்று எழுதியிருந்தார். நான் போனேன்.

முதலில் அவளுடைய தாயிடம் அழைத்துப்போனார். அந்த அம்மா அழுதுவிட்டாள். "அவ கூடையும் சேர்ந்தாத்தான் எங்க அடுப்பு எரியும். நான் என்ன செய்யட்டும் வாத்தியாரே?"

துரையின் பங்களாவுக்கு ஏறும் வழியில்தான் சோலைமலை மனம் திறந்தார். "எங்க அக்கா பேச்சி, நானா. யாரோ கொஞ்ச நாள் மரத்தடியில சொல்லிக் குடுத்தாங்க. 'ட' வரைக்கும் படிச்சா. அப்புறம் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பிட்டாங்க. 'அடுத்த எழுத்து என்னடா தம்பி?'ன்னு என்கிட்ட கேப்பா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. கேட்டுக்கிட்டே இருந்தா. வயித்துப்போக்குல ரெண்டே நாள்ல போயிட்டா. அதைப் போயி, அன்னைக்கு ஏன் வாத்தியாராகணும்னு கேட்ட துரைகிட்ட எப்படிங்க சொல்றது?"

பங்களாப் படிக்குக் கீழே நின்றோம். தோட்டத்துத் துரை நாயோடு வெளியே வந்து, யார் நீ, என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வழியெல்லாம் நான் கோத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தேன், ஐயா" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பக்கத்தில் நின்ற சோலைமலைக்கு நான் சொன்னது புரிந்துவிட்டது. அந்த அளவுக்கு ஆங்கிலம் அவரும் கற்றிருந்தார்.

இறங்கி வரும்போது, "கால் கடுக்க இவ்வளவு தூரம் வந்தீங்களே, அதுவே பெரிசு நானா" என்றார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெண்களுக்கு நடுவே ராக்காயி கூடையோடு நின்றாள். இடுப்பில் சுற்றியிருந்த சாக்கு அவள் பாதம்வரை தொங்கியது. சோலைமலை அவளுக்குப் பக்கத்தில் போனார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. நான் ஊருக்குத் திரும்பினேன். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

நேற்று எங்கள் பள்ளியில், அவர் இடத்துக்கு மடுல்சீமைக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆறு பேர் இருந்தோம். என் மனைவிக்கு இது நிறைமாதம். வாப்பாவுக்குக் கண் தெரிவதில்லை. எல்லாம் உண்மையான காரணங்கள்தாம். ஆனாலும் தலை குனிந்துகொண்டேன்.

பங்களாவிலிருந்து இறங்கிய அந்த வழி நெடுக அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் நினைவாக என் மனதில் நிற்பது அதுதான். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால், நேற்று நான் கையைத் தூக்கியிருப்பேனோ என்னவோ.