மஞ்சள் கடுதாசியை நானே வாசித்தேன்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு வைகாசி மாதம். அபிராமத்தில் மிளகாய் கமிஷன் கடை வைத்திருந்தேன். சுற்றுப்பட்டில் மிளகாய் விளைவிக்கும் சம்சாரிகள் என்னிடம் சரக்கைப் போடுவார்கள். வெளியூர் வியாபாரிக்கு அனுப்பி, பணம் வந்ததும் கொடுப்பேன். அந்த வருஷம் மொத்தச் சரக்கையும் வாங்கிய வியாபாரி கடையைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டார். என் சேமிப்பு, மனைவியின் நகை எல்லாம் போட்டும் பாதிப் பேருக்குத்தான் கொடுக்க முடிந்தது.

ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் திவால் மனு போடலாம் என்றார். எங்கள் பக்கம் அதற்கு மஞ்சக் கடுதாசி என்று பெயர். இரண்டு வருஷத்துக்குள் சொத்து எதையும் வேறு பேருக்கு மாற்றினேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்து வருமானம் பற்றிக் கேட்டார்.

அங்கேதான் தயங்கினேன். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜராக வரச்சொல்லி முந்தின வாரம்தான் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல சம்பளம். அதைச் சொன்னேன்.

"இப்பப் போய்ச் சேராதீங்க. சம்பளம் வாங்குறீகன்னா, கட்ட வழியிருக்கேன்னு எதிர்த்தரப்புல கேப்பாங்க. ஆர்டர் ஆகட்டும், அப்புறம் வேலைக்குப் போங்க" என்றார்.

லாட்ஜ்காரரிடம் என் அய்யாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்தேன். "இது நல்லா இருக்கா?" என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். சட்டம் அப்படித்தான் என்று வாயை அடைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை, மூடிக்கிடந்த கடையைத் திறந்து ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊரிலிருந்து ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே, அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மிளகாய் போடுகிறவர். மகள் நர்சிங் சேரும்வரை இருக்கட்டும் என்று இரண்டு வருஷப் பணத்தை என்னிடமே விட்டுவைத்திருந்தார். எழுத்துத் தெரியாது. தபால் எது வந்தாலும் என்னிடம்தான் வாசிக்கச் சொல்வார்.

"அண்ணே, கோர்ட்டுலருந்து வந்திருக்குன்னு கைநாட்டு வாங்கிட்டுக் குடுத்தாக. நான் ஒரு தப்பும் பண்ணலையே. என்னன்னு பாருங்க."

பிரித்தேன். மனுதாரர் என்று என் பெயர். கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் பதினேழாவதாக அவர் பெயர். பட்டியலை எழுதிக் கொடுத்ததே நான்தான். ஆனால் இது அவர் கைக்குப் போய்ச் சேரும், அவர் அதை என்னிடமே கொண்டுவருவார் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வாசித்தேன். பாதியில் நிறுத்தினேன்.

"உங்க பணத்தைக் குடுக்க எனக்கு வழியில்லன்னு நான்தான் போட்டிருக்கேன், தங்கச்சி" என்றேன்.

சத்தம் போடுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப ஆவணியில புள்ளைக்கு பீஸ் கட்ட முடியாதாண்ணே?"

என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்து, "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனார்.

மறுநாளே வக்கீலிடம் போய் மனுவை வாபஸ் வாங்கச் சொன்னேன். லாட்ஜுக்கு ஓடினேன். மேனேஜர் வேலைக்கு வேறு ஆள் வந்திருந்தார். கெஞ்சிக் கேட்டு, பாதிச் சம்பளத்துக்கு ரிசப்ஷனில் சேர்ந்தேன்.

முதல் சம்பளத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனபோது புரட்டாசி பிறந்திருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தார். மகளைக் காணோமே என்றேன். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாளாம்.

"நர்சிங் சீட்டு போயிருச்சுண்ணே. சும்மா எத்தன நாளு வீட்டுல இருப்பா?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். லாட்ஜில் கூப்பிட்டவுடனே சேர்ந்திருந்தால் அவள் பீஸில் முதல் தவணையையாவது ஆவணியில் கட்டக் கொடுத்திருக்க முடியும்.

அவர் பணம் முழுவதையும் போன வருஷம் கொடுத்து முடித்துவிட்டேன். அந்தப் பெண் திரும்பப் படிக்க வரவே இல்லை. கையில் வேலை இருந்தும் இல்லாதவனாகக் காட்டிக்கொள்ள வீட்டில் உட்கார்ந்திருந்தேனே, அந்த இரண்டு மாதத்தை மட்டும் எத்தனை வருஷம் உழைத்தாலும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது.