பெட்ரோல் மூடியில் வைத்த சந்தனம்

பட்டாளத்தில் ஆறு வருடம் லாரி ஓட்டியவன் நான். மைசூரில் ஒரு டாக்டரம்மாவின் பழைய காருக்கு டிரைவராகச் சேர்ந்தபோது, எனக்குத் தெரியாத எஞ்சின் இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஒரு பிரசவத்துக்குப் போகும்போது, நஞ்சன்கூடு சாலையில் கார் நின்றுவிட்டது. எஞ்சினைக் கிளப்ப முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றித் தோள் வலித்ததுதான் மிச்சம்.

"ஸ்வல்ப இருங்கம்மா, பெட்ரோல்ல தூசி" என்று கார்புரேட்டரைக் கழற்றினேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் குழாயில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகவே வந்தது.

டாக்டரம்மா இறங்கி வந்து பார்த்தார். "மருந்து பாட்டிலுக்குள்ள காத்து போகலேன்னா ஊசியில மருந்து ஏறாது. இந்தப் பெட்ரோல் டாங்கிக்குக் காத்து எப்படிப் போகும்?"

பெட்ரோல் மூடியில் காற்றுக்கென்று ஒரு சிறு துளை உண்டு. முந்தின நாள் பூஜையில் அதன் மேல்தான் சந்தனத்தை அப்பியிருந்தேன். சந்தனம் வைப்பதில் நான் கஞ்சனல்ல.

அவர் கொண்டை ஊசியை உருவி, காய்ந்த சந்தனத்தைக் குத்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அப்போதும் நான், "தூசிதாம்மா" என்றேன். கார்புரேட்டரை மாட்டிச் சுற்றியதும் எஞ்சின் உறுமியது. குழந்தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் கொடுத்த தட்டில் சந்தனம், குங்குமத்தோடு ஒரு கொண்டை ஊசியும் இருந்தது.

"போன வருஷம் என் தப்பும்மா" என்றேன்.

"தெரியும். ஊசியை நீங்களே வெச்சுக்கோங்க."

வைத்திருக்கிறேன். வண்டி நின்றால் இப்போதெல்லாம் முதலில் என் கை பட்ட இடத்தைத்தான் பார்க்கிறேன்.