கண்டக்டர் வாசித்த கடிதம்

கலஹா பஸ் நிலையத்துக்கு எதிரே எனக்கு ஒரு போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. கண்டியில் உயர்தரம் வரை தமிழில் படித்தேன். பிறகு ஆங்கிலத் தட்டச்சும் கணினியும் பழகினேன். யாராவது கேட்டால், "நான் எப்பவோ படிச்சி முடிச்சிட்டேன்" என்பேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை.

விலைவாசி கைமீறிப் போன காலத்தில்கூட என் கடையில் கூட்டம் குறையவில்லை. சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டு சனங்கள் சான்றிதழ்களைப் பிரதி எடுத்தார்கள். தையல், மின்சார வேலை, ஹோட்டல் சமையல் என்று எந்தப் பயிற்சிக்கு ஆள் எடுத்தாலும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தார்கள். கல்விதான் நாட்டின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு மழை நாளில் என் கடைக்கு வந்திருக்கலாம். பழைய பரீட்சைப் பெறுபேறு நனைந்துவிடாமல் அதை நெஞ்சோடு பொத்திக் கொண்டுவந்த பெண்களைப் பார்த்திருப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி கொழுந்து பறிப்பவள். படுக்கையில் கிடந்த மாமியாரை நான்கு வருடம் புண் வராமல் பார்த்துக்கொண்டவள். நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சிக்கு அவளுக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பினேன். அதை முடித்தால் கண்டியில் மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைக்கும். வயதெல்லை முப்பத்தைந்து. அவளுக்கு அந்த வயது நிறைய இரண்டு மாதம்தான் இருந்தது. "இந்தத் தடவ விட்டா அவ்வளவுதான்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சில வாரங்களில் பயிற்சி நிலையத்திலிருந்து வந்த கடிதத்தோடு வந்து நின்றாள். முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. நான் சிங்களம் சரளமாகப் பேசுவேன். சந்தையில் பேரம் பேசுவேன், சண்டையும் போடுவேன். எழுத்து மட்டும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அது ஒரு பாடமாக இருந்தது. பாதி வருடங்கள் அதற்கு ஆசிரியர் இல்லை, மீதி வருடங்களில் எனக்கு அக்கறை இல்லை.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். அந்த ஊருக்கு நான் படித்தவள். கடிதத்தை மேலும் கீழும் பார்த்தேன். நடுவில் ஒரு திகதி மட்டும் கண்ணில் பட்டது. விண்ணப்பம் கிடைத்துவிட்டதாம், இந்தத் திகதிக்குப் பிறகு கூப்பிடுவார்களாம் என்று வாய் கூசாமல் சொன்னேன். பத்திரமாக இருக்கட்டும் என்று கடிதத்தை ஒரு பிரதி எடுத்து என் கோப்பில் வைத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை என்ற பெருமை வேறு.

திகதி கடந்து பன்னிரண்டாம் நாள் அவள் கடிதத்தோடு மறுபடி வந்தாள். இன்னும் கூப்பிடவில்லையே என்றாள். அப்போதுதான் நான் சொன்னது தப்போ என்று தோன்றியது. போனுக்குக் காசு போட வந்திருந்த பேராதனை பஸ் கண்டக்டரிடம் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி போடவில்லை என்று அவரிடமும் ஒரு பொய். அவர் சிங்களவர். பஸ்ஸில் ஊர் பெயர்களைக் கூவும் அதே குரலில் வாசிக்கத் தொடங்கினார். அந்தத் திகதியில், காலை ஒன்பது மணிக்கு, மூலச் சான்றிதழ்களுடன் நேர்முகப் பரீட்சைக்கு வர வேண்டும் என்று இருந்தது.

காதால் கேட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகப் புரியும் பாஷை அது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மேலும் வாசிக்கப் போனார். போதும் என்று சொல்லிக் கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க படிச்சவங்கன்னு நம்பித்தான் கொண்டாந்தேன்" என்றாள். கடிதத்தை வாங்கி நான்காக மடித்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு என் கடைப் படி ஏறவில்லை.

தமிழருக்குத் தமிழில் கடிதம் அனுப்பாதது பயிற்சி நிலையத்துக்காரர்களின் தவறு என்று பல நாள் எல்லாரிடமும் கத்தினேன். அது உண்மைதான். ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னது அவர்கள் இல்லை. நாற்பத்தாறு வயதில், ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டுக் கண்டியில் ஒரு சிங்கள வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கொப்பி, பென்சில். எழுத்துகள் எல்லாம் வட்டம் வட்டமாக ஒன்றுபோலவே தெரிந்து என்னைப் படாத பாடு படுத்தின. திரும்பும் பஸ்ஸில் கடைப் பலகைகளை முணுமுணுத்துக்கொண்டே வருவேன். ஒரு மருந்துக்கடையின் பெயரை முதன்முதலில் தடங்கலில்லாமல் வாசித்த அன்று சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இது எனக்கு எப்போதோ வந்திருக்க வேண்டிய படிப்பு. நான்தான் முடிந்துவிட்டது என்று மூடி வைத்தேன். அந்த நட்டத்தை அனுபவிப்பவள் இன்னொருத்தி.

ஒரு வருடம் கழித்துக் கோப்பிலிருந்து அந்தப் பிரதியை எடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்க அரை மணி நேரம் ஆனது. கண்டக்டர் வாசித்ததெல்லாம் இருந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அன்று வர முடியாதவர்கள் அந்தத் திகதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் அறிவித்தால் வேறு ஒரு நாள் தரப்படும்.

பன்னிரண்டாம் நாள் நான் போதும் என்றேன். கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. தோட்டத்துக்குப் பஸ் ஏறினேன். அவள் தன் லயத்து வீட்டுக்கு முன்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டாள். நான் உட்காரவில்லை. முதல் நாளே எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதையும், நான் தடுத்த இரண்டு வரிகளையும் சொல்லி முடித்தேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பிரதியை வாங்கினாள். எந்த வரி என்று கேட்டாள். நான் தொட்டுக் காட்டிய இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டாள்.

"வாசிங்க" என்றாள்.

நான் வாசித்தேன். கடைசி வரிவரை அவள் விரலை எடுக்கவில்லை.