ஒற்றைச் சொல் விமர்சனம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடாது. அந்தச் சத்தம் பதிவில் விழுந்துவிடும். போத்தனூரில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு என்பதால் ரயில் சத்தத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. வண்டி போகும்வரை வாயை மூடிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்குவோம்.

நானும் என் கணவரும் இணையத்தில் ஒரு சேனல் நடத்தினோம். நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் பம்ப்செட் உதிரிபாகக் கடையில் வெகுகாலம் விற்பனைப் பிரிவில் இருந்தவர். சினிமா, டிவி தொடர், காமிக்ஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பேசுவோம். காமிக்ஸ் அவருடைய பைத்தியம். அலமாரியில் என் புடவைகளுக்கு ஒரு தட்டு, அவருடைய காமிக்ஸுக்கு மூன்று.

எங்கள் இருவருக்கும் ஒரே படம் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. வீட்டில் என்னைக் 'கண்ணு' என்பவர், கேமராவுக்கு முன்னால் மரியாதையாகிவிடுவார். நான் ஒரு கருத்தைச் சொல்லி முடித்ததும் நிதானமாக "இல்லீங்க" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு என் கருத்தில் எதுவும் மிஞ்சாது. பார்க்கிறவர்கள் அந்த "இல்லீங்க"வுக்காகவே காத்திருந்தார்கள்.

அந்த ஞாயிறு ஒரு துப்பறியும் தொடரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கொலையாளியை முன்னமே காட்டியது தவறு என்றேன். அவர் மறுக்கத் தொடங்கினார்.

"இல்லீங்க, கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சதுக்கப்பறந்தான் அந்தக் கரண்டி... கரண்டி வந்து..."

நிறுத்தினார். அவருக்கே வியப்பாக இருந்தது. மறுபடியும் "கரண்டி" என்றார். எதிரே செல்போன் திரையில் எங்கள் இரண்டு முகமும் தெரிந்தன. அவருடைய வாயின் ஓரம் கீழே இறங்கியிருப்பதை நான் பக்கத்தில் பார்க்கவில்லை, திரையில்தான் பார்த்தேன்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? என்னையப் பாருங்க."

பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் பாதிதான் தேறின. பேச்சு வரவில்லை. "அவருக்குப் பெரும்பாலும் புரியுதுங்கம்மா. சொல்லத்தான் வார்த்தை கிடைக்காது. படிக்கறதும் கஷ்டம்" என்றார் டாக்டர்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு இளம்பெண் வீட்டுக்கே வந்தாள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள்.

"சார், இது என்னங்க? மழை வந்தா புடிச்சுக்குவோமில்லீங்களா? கு..."

அவர் அட்டையையே பார்ப்பார். உதடு துடிக்கும். நெற்றி வியர்க்கும். கடைசியில் வரும் சொல், "இல்லீங்க." குடைக்கும் அதுதான், நாய்க்கும் அதுதான். பசிக்கிறதா என்றால் அதுதான், பசியில்லையா என்றாலும் அதுதான். அடிக்கடி சொல்லிப் பழகிய சொல் சிலருக்கு இப்படித் தங்கிவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

படம் நிறைய இருக்கிறதே என்று ஒரு காமிக்ஸை எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் பக்கம் புரட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வசனங்களைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டவர், உள்ளங்கையை எழுத்துகளின் மேல் வைத்து மறைத்துக்கொண்டார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

சேனலில் பலர் "சார் எங்கங்க?" என்று கேட்டிருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று மட்டும் எழுதினேன். எங்கள் ஒவ்வொரு வீடியோவின் கீழும் என் கணவரோடு பத்தி பத்தியாக மல்லுக்கட்டுகிற ஒருவர் ஈரோட்டில் இருந்தார். மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். அவர் மட்டும் விலாசம் கேட்டு வாங்கி ரயிலேறி வந்துவிட்டார். நிலைமையை வாசலிலேயே சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், போன மாசம் வந்த படம் பாத்தீங்களா? நல்ல படமுங்க."

"இல்லீங்க."

"எப்படிங்க இல்லைங்கறீங்க? அந்தக் கடைசி சீன் ஒண்ணு போதாதுங்களா?"

"இல்லீங்க!"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் ஏறியது. வந்தவரும் விடவில்லை. ஒளிப்பதிவைச் சொன்னார், கதாநாயகியின் நடிப்பைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரே சொல், ஒவ்வொரு விதமாக வந்தது. ஒருமுறை கேலியாக, ஒருமுறை கெஞ்சலாகக்கூட. நான் காபி டம்ளர்களோடு கதவோரம் நின்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவரை அத்தனை தெம்பாக நான் பார்த்ததில்லை.

வந்தவர் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "எனக்குத் தாங்கலீங்க அம்மணி. அடுத்த மாசம் மறுபடியும் வாரேனுங்க" என்றார். வரவில்லை. ஒருமுறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ரயில் வந்து நிற்கிற நேரங்களில் என் கணவர் சில வாரங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனியாக ஒரு வீடியோ பதிவு செய்து பார்த்தேன். நான் ஒரு கருத்தைச் சொன்னேன். மறுக்க யாருமில்லாததால் அது அப்படியே கிடந்தது. போட்டுக் கேட்டால், பாடக் குறிப்பை ஒப்பிப்பதுபோல் இருந்தது. அழித்துவிட்டேன்.

சென்ற மாதம் அவரைத் தியேட்டருக்கு அழைத்துப்போனேன். பகல் காட்சி, கூட்டமில்லை. சக்கர நாற்காலியை ஓர வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டோம். ஒரு கல்யாண வீட்டுக் காமெடி காட்சிக்கு, அரங்கில் இருந்த பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். அவர் அழுதுகொண்டிருந்தார். ஓசையில்லாமல், கண்களைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"ஏனுங்க, வலிக்குதுங்களா? வீட்டுக்குப் போயிறலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, வேண்டாம் என்று தோன்றியதுபோல், மூடிக்கொண்டார்.

அந்தக் காட்சியில் அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து எத்தனையோ விதமாக யோசித்தேன். முன்பெல்லாம் தியேட்டர் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் மனதில் இருப்பது முழுக்க என் காதில் விழுந்துவிடும். அன்று ஆட்டோவில், உக்கடம் தாண்டும்வரை நான் வெயிலைப் பற்றிப் பேசினேன். அதற்குப் பிறகு பேசவில்லை.