கடைசிப் பெட்டியின் கனம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லைனில் ஒரு பொருள் கனமாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்திலிருந்து மேலே வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, தலைத்துணியிலிருந்து வாய்க்குள் வரை பார்த்து அனுப்புகிற ஊர் அது. போதாததற்கு கம்பெனிக் காவல்படையான வாச் அண்ட் வார்ட் ஆட்கள் வீடுகளுக்கும் வருவார்கள். துப்புச் சொன்னவருக்கு இனாம் உண்டு. அதனால் பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டு வந்தால்கூட, அவள் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டேதான் உப்பை எடுத்துக் கொடுப்போம். தங்கத்தோடு பிடிபட்டவனுக்கு வேலை போகும். வேலையோடு கம்பெனி கொடுத்த வீடும் போகும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் அப்பா ஒரு ரயில் பெட்டியைக் கொண்டுவந்தார்.

அப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் சர்வே துரையோடு வேலை செய்தவர். துரை அளக்கிற கருவியை நிறுத்தும் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு, பாதாளத்தில் லெவல் லெவலாக அவர் பின்னால் நடப்பார். துரையின் பங்களாவில் ஓர் அறை முழுக்க மேசை போட்டு அதன்மேல் சின்ன ரயில்கள் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றைத் துடைத்து வைப்பதும் அப்பாதான். சுரங்கம் சர்க்கார் கைக்குப் போன பிறகு துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். கடைசியில் கிளம்பியவர்களில் எங்கள் துரையும் ஒருவர். வீட்டுச் சாமானையெல்லாம் ஏலம் விட்டார். இந்த ஒரு பெட்டியை மட்டும், ஒரு போட்டோவோடு, அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்றரை சாண் நீளம் இருக்கும். பக்கவாட்டில் வெள்ளி நிறத்தில் வரிவரியாகத் தகடு. நம் ரயில் பெட்டிகள்போல இரண்டு முனையும் சதுரமாக இல்லை. ஒரு முனை முட்டையின் பின்பக்கம்போல வழவழவென்று வளைந்து, வளைவைச் சுற்றிலும் கண்ணாடி ஜன்னல். உள்ளே நகத்தளவு நாற்காலிகள் ஜன்னலைப் பார்த்து இருந்தன. "ரயிலுக்குக் கடைசியில இதான் போவும். ஜனங்க உக்காந்துகினு போன வழிய பாத்துகினே போவாங்களாம்" என்றார் அப்பா. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

அம்மா அதைக் கையில் வாங்கினாள். உடனே கீழே வைத்தாள்.

"இன்னாய்யா இது, இந்தக் கனம் கீது?"

"இரும்பு சாமான் கனமாத்தான் இருக்கும்."

"பாத்தா தகரம். தூக்குனா அம்மிக் குழவி. நீ இன்னாத்த ஊட்டுக்குள்ள கொண்டாந்த?"

போட்டோவின் பின்புறம் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போய், எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பி.யூ.சி.யும் படித்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். நிமிர்ந்து உட்கார்ந்து படித்துச் சொன்னேன். படத்தில் இருப்பது நிஜப் பெட்டி. அந்த ரயிலை நிறுத்தி, மற்றப் பெட்டிகளை உடைத்து விற்றுவிட்டார்கள். இந்தக் கடைசிப் பெட்டியை மட்டும் ஒரு கொட்டகைக்குள் நிறுத்தி, துடைத்துப் பாதுகாக்கிறார்கள். ஜனங்கள் படியேறிப் போய் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

"ஓடாத வண்டிக்கு யாராவது கொட்டா போடுவாங்களா?" என்றாள் அம்மா. "நல்லா படி. வேற இன்னாவோ எழுதியிருப்பான்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் மனசிலும் அதே கேள்விதான். அத்தனை வருஷம் முக்காலி தூக்கியவருக்கு ஒரு பழைய கோட்டுகூடக் கொடுக்காத துரை, உடைந்த நாற்காலியைக்கூட ஏலத்தில் விட்ட துரை, இதை மட்டும் ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? எஞ்சினைக் கொடுக்காமல் வாலை மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? கப்பலில் கொண்டுபோக முடியாததை எதற்குள்ளாவது வைத்து, சந்தேகப்படாத ஒருவன் வீட்டில் போட்டுவிட்டுப் போயிருப்பார். பின்னால் யாராவது வந்து கேட்பார்கள். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அம்மா பெட்டியை அலமாரிமேல் வைத்து ஒரு துண்டைப் போட்டு மூடினாள். மறுநாளே எதிர்வீட்டு அக்கா கேட்டாள்.

"இன்னாக்கா, சாமிக்குத் திரை போட்டா மாதிரி போட்டுகீற?"

"தூசி படுதுன்னு."

"எங்க ஊட்ல கூடத்தான் தூசி படுது. துண்டுதான் இல்ல."

சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பை அம்மாவும் நானும் அன்று முழுக்கப் பேசினோம்.

நான் போட்ட கணக்குப்படியே ஒரு ஆள் வந்தார். பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸில், ஆபீஸ்காரர்களுக்கான குவார்ட்டர்ஸில் இருந்தவர்; சுரங்க வரைபடம் போடுகிற டிராயிங் ஆபீஸ்காரர். சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "துரை குடுத்த பெட்டி இங்கதான இருக்கு?" என்று கேட்டார்.

"யாரு சொன்னது?" என்றேன் நான்.

"துரையேதாம்மா. மீதி ரயில ஏலத்துல எடுத்தது நான்தான். வால் அறுந்த பல்லி மாதிரி ஓடுது. விலை சொன்னா வாங்கிக்கிறேன்."

"விக்கறதுக்கு இல்லீங்க சார்" என்றார் அப்பா.

"பெரிய மனுஷன், பொம்ம ரயிலுக்காக இவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சீங்களா?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வந்து பாரும்மா. அப்புறம் சிரி" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் போனோம். அப்பா பார்க்கப் போனார். நான் வேவு பார்க்கப் போனேன். பெட்டியைத் தெருவில் எடுத்துப்போக அம்மா விடவில்லை.

அவர் வீட்டில் சாப்பாட்டு மேசையே கிடையாது. அதன் இடத்தில் தண்டவாளம் பதித்த ஒரு மேசை. வெள்ளி நிறப் பெட்டிகள் நாலைந்து வளைந்து வளைந்து ஓடின. ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். எங்கள் பெட்டியின் அதே கனம். என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். பெட்டியைக் கவிழ்த்து, சக்கரங்களுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். அடித்தட்டு தனியாக வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஓர் ஈயத் தகடு.

"இது இல்லன்னா வளைவுல இழுக்கறப்ப சாஞ்சி விழுந்துடும். எல்லாத்துலயும் வெப்பாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்தாள். "அவன் வண்டியில ஈயம். நம்ம வண்டியில?"

"அதையும் கழட்டிப் பாத்துடலாம்பா" என்றேன்.

"வேணாம்" என்றார் அப்பா. "கைய நீட்டிக் குடுத்தவரு மேல சந்தேகப்பட்டுக் குடலக் கிண்டிப் பாக்கணுமா? அந்த மனுஷனும் நானும் ஒரே வெளக்குல நடந்தவங்க."

உள்ளே இருப்பது அப்பாவுக்கே தெரிந்திருக்குமோ, அதனால்தான் திறக்க விடவில்லையோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

அதிகம் காத்திருக்க வேண்டி வரவில்லை. குழாயடியில் பெண்கள் வரிசை நின்ற ஒரு காலை நேரத்தில் வாச் அண்ட் வார்டிலிருந்து ஹவில்தாரும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். குடத்தைப் போட்டுவிட்டு லைனே எங்கள் வாசலுக்கு வந்தது. அவர்கள் அரிசிப் பானையைப் பார்க்கவில்லை, அடுப்படியைத் தோண்டவில்லை. நேராக அலமாரிக்குப் போய்த் துண்டை எடுத்தார்கள். சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஹவில்தார் பெட்டியைக் கையில் நிறுத்துப் பார்த்துச் சிரித்தார். "இன்னாப்பா, உள்ள பாசஞ்சர் ரொம்ப ஜாஸ்தியா?"

ஓர் ஆள் அம்மாவின் அரிவாள்மனையை எடுத்துக் கூரையை நெம்பப் போனான்.

"நெம்பாதீங்க" என்றேன். "திறக்க வழி கீது. நான் திறக்கறேன்."

"படிச்ச பொண்ணா?"

"ஆமா."

கத்திமுனையால் இரண்டு திருகாணிகளையும் கழற்றினேன். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடித்தட்டு கழன்றது. சாம்பல் நிறத் தகடுதான். ஹவில்தார் நகத்தால் கீறினார். வெள்ளையாகக் கோடு விழுந்தது. அப்போதும் அவர் விடவில்லை.

"மேல ஈயம் பூசியிருக்கலாம். டெஸ்ட்டுக்குப் போவட்டும்" என்று தகட்டை மட்டும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார்.

பதில் வரும்வரை அப்பாவை கேஜில் ஏற்றவில்லை. மேலேயே மரம் அடுக்கச் சொன்னார்கள். சங்கு ஊதும்போதெல்லாம் அம்மா வாசலுக்குப் போய், வீட்டைக் காலி செய்யச் சொல்ல யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாள். ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, கீழே போகலாம் என்றார்கள். ஈயம்தான் என்று யாரும் சொல்லவில்லை. தகடும் திரும்பி வரவில்லை.

செய்தி கேட்டு டிராயிங் ஆபீஸ்காரர் வந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். காலித் தீப்பெட்டிபோல இருந்தது.

"கவலப்படாதீங்க. எங்கிட்ட ஈயம் இருக்கு. அதே எடைக்கு வெட்டிப் போட்டுக் குடுத்துடறேன்."

அப்பா துண்டு முனையால் பெட்டியின் ஜன்னலைத் துடைத்தார். "போடுங்க சார். ஆனா இங்க வேணாம். உங்க ஊட்லயே இருக்கட்டும்."

"ஏன், உங்க பெட்டியாச்சே?"

"உங்க குவார்ட்டர்ஸ்ல கனமா ஒரு சாமான் இருந்தா அது வெறும் கனமான சாமான். எங்க லைன்ல அப்படி இல்லீங்க சார்."

அம்மா உள்ளே போய்ப் பழைய செய்தித்தாள் கொண்டுவந்தாள். அப்பாவே அதில் பெட்டியைச் சுற்றிக் கொடுத்தார். விலை பேசவில்லை. போட்டோவை மட்டும் தானே வைத்துக்கொண்டார்.

சைக்கிள்வரை கூடப் போனது நான்தான். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஹவில்தார்கிட்ட சொன்னது நீங்களா?"

அவர் என்னை ஏறஇறங்கப் பார்த்தார். "மாட்டிவிடணும்னு இருந்தா, எப்படித் திறக்கறதுன்னு உனக்கு ஏம்மா காட்டித் தரப்போறேன்?"

பதில் சரியாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். அவர் பெட்டியைக் கைப்பிடியில் பத்திரமாகத் தொங்கவிட்டுக்கொண்டு, மேட்டில் மெதுவாக மிதித்துப் போனார். பெட்டி உடையாமல் தன் கைக்கு வரவேண்டும் என்று நினைக்கிறவரும் அப்படித்தானே காட்டித் தருவார் என்று, அவர் தெருமுனை திரும்பிய பிறகு எனக்குத் தோன்றியது. உள்ளே போனேன். போன வழியைப் பார்த்தபடி அந்தப் பெட்டி தன் மேசையில் ஓடுவதைப் பார்க்க வரும்படி பிற்பாடு அவர் பலமுறை சொல்லியனுப்பினார். அப்பா ஒருமுறைகூடப் போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.