லியனார்டின் பாத்திக் கணக்கு

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் லியனார்டின் லீக்ஸ் பாத்திகளுக்குக் கம்ப்யூட்டர்தான் தண்ணீர் கட்டுகிறது என்று லயத்து வரிசை வீடுகளே கேலி பேசும். கேலிக்கு அசருகிற ஆளா அவர்? சரிவு, வாய்க்கால் நீளம், மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரின் வேகம், அங்கே ஆள் கூடும் நேரம் எல்லாவற்றையும் கொடுத்து, ஒரு சொட்டும் வீணாகாத நேரம் எது என்று கேட்டார். தேவாலயத்தில் ஞாயிறு பூசை நடக்கும் நேரம் என்றது. மற்ற நேரமெல்லாம் பீலியில் யாராவது குளிப்பார்கள், துவைப்பார்கள்.

அதிலிருந்து பூசைக்கு மட்டம். "கணக்கு சொல்லுது, நான் என்ன செய்ய?" என்று கையை விரித்தார்.

மனைவி ஷெரோமி சண்டை பிடிக்கவில்லை. "இதையும் அந்தக் கணக்குல சேத்துக்குங்க. பூசைக்கு வராதவங்களுக்கு மத்தியானம் சோறு இல்ல. நீங்க கட்டாயம் சாப்பிடணும்."

லியனார்ட் சிரித்துக்கொண்டே தட்டினார். தீர்வே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

அதுவும் கட்சி மாறிவிட்டதென்று முனகியபடி வெள்ளைச் சட்டையைத் தேடினார்.

ஷெரோமி அதை முந்தின நாளே அயர்ன் பண்ணி வைத்திருந்தாள்.